மண்ணும் மன்றமும்: செங்கற்பட்டுச் சீமையில் நம் உரிமையின் வரலாறு

நம் கல்விச் சங்கம் இருபத்தைந்து ஆண்டுகளை நிறைவு செய்து வெள்ளி விழாக் காண்கிறது. நம் பிள்ளைகள் பள்ளியிலும் கல்லூரியிலும் பெற்றுள்ள தேர்ச்சியை எண்ணி இவ்வேளையில் நாம் மகிழ்வது இயல்பே. ஆயினும் விழா மலரில் வாழ்த்துரைகள் மட்டும் இடம்பெற்றால் போதாது. நம் முன்னோர் எந்த மண்ணில் நின்று உழைத்தனர், அம்மண்ணின்மீது அவர்கட்கு உரிமை இருந்ததா, இல்லையெனில் அதற்குக் காரணம் யாது என்னும் வினாக்களுக்கு நம் இளைஞர்கள் விடை தேடவேண்டும். அத்தேடலுக்குத் துணையாகவே இக்கட்டுரையை எழுதுகிறோம்.

காஞ்சிபுரம் என்றவுடன் கோயில்களும் பட்டும் நினைவுக்கு வருகின்றன. இவ்விரண்டின் சிறப்புக்கும் பின்னால் பாலாறும் வேகவதியும் நூற்றுக்கணக்கான ஏரிகளும் இருக்கின்றன. பழைய செங்கற்பட்டு மாவட்டத்தை ஏரிகளின் மாவட்டம் என்றே வழங்கினர். கோயில்களுக்கு விடப்பட்ட நிலங்கள் விளைந்தது இந்த ஏரிப் பாசனத்தால்தான். ஏரிக்கரையில் மண் சுமந்தவரும், மதகு திறந்து வயலுக்கு நீர் பாய்ச்சியவரும், களத்தில் கதிரடித்தவரும் பெரும்பாலும் சேரி மக்களே. ஆனால் ஏரியைப் பற்றியும் நிலத்தைப் பற்றியும் முடிவெடுத்த இடத்தில் அவர்கள் இல்லை. இன்று இயற்கை வளங்களை மேம்படுத்த அரசும் தனியாரும் கூட்டுச் சேர்ந்து திட்டம் தீட்டும்போது, அங்கு வாழும் மக்களின் இசைவைப் பெறவேண்டும் என்று உலகெங்கும் பேசப்படுகிறது. அவ்விசைவு யாரிடம் கேட்கப்படுகிறது, யார் விடப்படுகின்றனர் என்பதை ஆராய நம் மாவட்டத்தின் வரலாற்றைவிடச் சிறந்த பாடநூல் வேறில்லை எனலாம்.

உத்தரமேரூர்ச் சபை

காஞ்சிக்குத் தெற்கே உள்ள உத்தரமேரூரின் கல்வெட்டுகளைப் பள்ளி மாணவரும் அறிவர். முதலாம் பராந்தக சோழன் காலத்தில் 919, 921 ஆகிய ஆண்டுகளில் பொறிக்கப்பட்ட அவை, குடவோலை முறையில் வாரிய உறுப்பினர்களைத் தேர்ந்தெடுத்த விதத்தை விரித்துரைக்கின்றன. சம்வத்சர வாரியம், தோட்ட வாரியம், ஏரி வாரியம் எனத் தனித்தனிக் குழுக்கள் இருந்தன. ஏரியைப் பேணுவதற்கென்றே ஒரு வாரியம் இருந்தது என்பது நம்மை வியக்க வைக்கிறது. ஊராட்சிக்கு இஃது ஓர் உயர்ந்த சான்று என்று அறிஞர்கள் போற்றுவதில் நமக்கு மறுப்பில்லை.

எனினும், குடத்தில் யாருடைய பெயரை எழுதி இடலாம் என்பதையும் அதே கல்வெட்டு கூறுகிறது. கால் வேலிக்கு மேற்பட்ட இறை செலுத்தும் நிலம் வேண்டும். சொந்த மனையில் கட்டிய வீடு வேண்டும். வேதக் கல்வி வேண்டும். அவ்வூர் ஒரு சதுர்வேதிமங்கலம். அதன் சபை பிராமண நில உடைமையாளரின் சபை. ஏரி வாரியம் காத்த நீரால் விளைந்த வயலில் உழைத்தவர்க்கு நிலமும் இல்லை, சொந்த மனையும் இல்லை, ஓதும் உரிமையும் இல்லை. ஆதலின் அவர்தம் பெயர் எக்குடத்திலும் விழவில்லை. நிலம் உடையவனுக்கே மன்றத்தில் இடம் என்ற இந்த ஒரு விதியை இளைஞர்கள் மனத்தில் இருத்திக்கொள்ள வேண்டும். பிற்காலத்து ஆட்சிகள் பல மாறிய போதும் இவ்விதி வேறு வேறு வடிவில் தொடர்ந்து வருவதை நாம் காணப்போகிறோம்.

மிராசும் தரிசும்

1763-இல் ஆர்க்காட்டு நவாபு செங்கற்பட்டுப் பகுதியைக் கிழக்கிந்தியக் கம்பெனிக்கு ஜாகீராக அளித்தார். வரி வசூலிக்க வந்த வெள்ளைக்கார அதிகாரிகள் இங்கு மிராசு என்ற உரிமை முறையைக் கண்டனர். சென்னையில் கலெக்டராக இருந்த எல்லிஸ் துரை அதனைப் பற்றி விரிவாகவே எழுதினார். ஊரின் விளைநிலத்தோடு, தரிசு, மேய்ச்சல், தோப்பு, குளம் ஆகியவற்றின்மீதும் மிராசுதார் பரம்பரைப் பாத்தியதை கோரினர். சேரி அமைந்திருந்த மனையும் மிராசுதாருக்கே உரியது என்று கொள்ளப்பட்டது. நம் முன்னோர் குடிசை போட்டிருந்த அடிமண்கூட அவர்கட்குச் சொந்தமில்லை.

படியாள் என்ற பெயரில் தலைமுறை தலைமுறையாகப் பண்ணையில் கட்டுண்டு கிடந்தவர்க்கு, 1843-ஆம் ஆண்டின் ஐந்தாம் சட்டம் ஓரளவு வழி திறந்தது. அடிமை உரிமையை நீதிமன்றங்கள் ஏற்கக்கூடாது என்று அச்சட்டம் விதித்தது. ஆயினும், நிலமின்றி விடுதலை பெற்றவன் மறுநாள் எங்கே போவான்? தரிசு நிலத்தைப் பயிரிட உரிமை கோரித் தர்க்காஸ்து மனு கொடுக்கலாம் என அரசு கூறியது. ஆனால் மிராசு கிராமங்களில் வெளியார் எவரேனும் மனுச் செய்தால், அந்நிலத்தை முதலில் எடுத்துக்கொள்ளும் சலுகை மிராசுதாருக்கே இருந்தது. சேரிக்காரர் ஒருவர் துணிந்து மனுச் செய்தால், மிராசுதார் தாமே அந்நிலத்தைக் கேட்டுப் பெற்றுத் தரிசாகவே போட்டு வைக்க முடிந்தது. மனுச் செய்தவர் குடியிருந்த மனையிலிருந்தும் வெளியேற்றப்படலாம். ஊரில் தரிசு இருந்தது. உழைக்கக் கைகள் இருந்தன. இரண்டும் சேராதபடி இடையில் ஒரு தடையுரிமை நின்றது.

1892: திரமென்ஹீர் அறிக்கையும் பஞ்சமி நிலமும்

இந்நிலையைக் கண்டறிந்து எழுதியவர்களுள் முதன்மையானவர், செங்கற்பட்டில் கலெக்டர் பொறுப்பு வகித்த ஜே.எச்.ஏ. திரமென்ஹீர். அவர் 1891-இல் செங்கற்பட்டுப் பறையரின் நிலை பற்றி அரசுக்கு ஓர் அறிக்கை அளித்தார். வறுமைக்குக் காரணம் மக்களின் சோம்பலோ குடியோ என்று பேசிய காலத்தில், நிலமும் மனையும் மறுக்கப்பட்டதே காரணம் என்பதை அவர் எடுத்துரைத்தார். தரிசு நிலத்தை நம் மக்களுக்கு எட்டச் செய்தல், குடியிருப்பு மனைக்குப் பாதுகாப்பு அளித்தல், கல்விக்கு வழிசெய்தல் முதலியவற்றை அவர் வற்புறுத்தினார். செங்கற்பட்டில் ஆடம் ஆண்ட்ரூ, திருவள்ளூர்ப் பகுதியில் வில்லியம் கௌடி ஆகிய பாதிரிமார்களும் இப்பிரச்சினையை எழுப்பினர்.

ஆயினும் இவ்வரலாற்றை வெள்ளைக்காரரின் கருணையாக மட்டும் கூறுவது முறையன்று. மதுராந்தகம் வட்டத்துக் கோழியாளத்தில் பிறந்த இரட்டைமலை சீனிவாசன் 1893-இல் ‘பறையன்’ இதழைத் தொடங்கினார். இழிவாகக் கருதப்பட்ட பெயரையே தலைப்பாக்கி நம் மக்களின் குறைகளை அரசுக்கு அறிவித்தார். மனு எழுதியவர்கள், சாட்சி சொன்னவர்கள், மிராசுதாரின் கோபத்துக்கு ஆளாகி ஊரைவிட்டுச் சென்றவர்கள் ஆகியோரின் பெயர்கள் ஏடுகளில் இல்லை. அவர்கள் துணிந்து பேசியிராவிடில் அறிக்கையும் இல்லை.

1892 செப்டம்பர் 30-இல் சென்னை அரசின் வருவாய்த் துறை 1010-ஆம் எண் ஆணையைப் பிறப்பித்தது. திரமென்ஹீர் கேட்ட அனைத்தையும் அரசு ஏற்கவில்லை. எனினும், தாழ்த்தப்பட்ட மக்களுக்கு நிலம் ஒதுக்கும் கொள்கை இதிலிருந்தே கிளைத்தது. அவ்வாறு அளிக்கப்பட்டவையே பஞ்சமி நிலங்கள். டி.சி. நிலம் என்று இன்றும் நம் ஊர்களில் சொல்வது இதனையே. மாகாணம் முழுவதும் சுமார் 12 லட்சம் ஏக்கர் இவ்வாறு வழங்கப்பட்டதாகப் பொதுவாகச் சொல்லப்படுகிறது.

இந்நிலங்களுக்கு விதிக்கப்பட்ட நிபந்தனைகளை ஒவ்வோர் இளைஞரும் மனப்பாடமாக அறிந்திருத்தல் நன்று. முதல் பத்தாண்டுகள் அந்நிலத்தை யாருக்கும் விற்கவோ, அடகு வைக்கவோ, தானம் செய்யவோ, குத்தகைக்கு விடவோ கூடாது. அதன் பின்னரும் தாழ்த்தப்பட்ட வகுப்பினர்க்கே மாற்றலாம். மீறிச் செய்த மாற்றம் செல்லாது. அரசு அந்நிலத்தை மீட்டுத் திரும்பவும் நம் மக்களுக்கே வழங்கலாம். வருவாய் வாரியத்தின் 15-ஆம் நிலையாணையில் இவை இடம்பெற்றன.

கைமாறிய விதம்

இத்துணைக் காவல் இருந்தும் நிலம் எவ்வாறு போயிற்று? திருமணச் செலவுக்கும் மருத்துவத்துக்கும் வாங்கிய கடனுக்காக வெற்றுத்தாளில் பெருவிரல் ரேகை வைத்தவர் பலர். ஆண்டுக் குத்தகை என்று நம்பிக் கொடுத்தது கிரயப் பத்திரமாக மாறியதும் உண்டு. மறு நில அளவையின்போதும், 1980-களில் நடந்த நில உடைமைப் பதிவு மேம்பாட்டுப் பணியின்போதும் பதிவேட்டில் நிபந்தனைக் குறிப்பு விடுபட்டுப் பட்டா பிறர் பெயருக்குப் போன இடங்களும் உண்டு. எழுத்தறியாமையே இவற்றுள் பெரும்பாலானவற்றிற்கு வாசலாயிற்று. நிலத்தைக் கொடுத்த அரசு, அந்நிலத்தின் ஏட்டைக் காக்கும் கல்வியைக் கொடுக்கவில்லை. கல்விச் சங்கத்தின் மலரில் நில வரலாற்றை எழுதுவதன் காரணமும் இதுவே.

நகரம் விரிந்து, மனைப்பிரிவுகளும் தொழிற்சாலைகளும் விடுதிகளும் பெருகியபோது, ஒருகாலத்தில் யாரும் விரும்பாத தரிசாக இருந்த மண் பொன்விலை பெற்றது. 1994-இல் மாமல்லபுரத்தை அடுத்த காரணை கிராமத்தில் நம் மக்கள் பஞ்சமி நிலத்தை மீட்கத் திரண்டனர். அந்நிலத்தில் அண்ணல் அம்பேத்கரின் சிலையை நிறுவினர், சிலை அகற்றப்பட்டது. 1994 அக்டோபர் 10-ஆம் நாள் செங்கற்பட்டில் நீதி கேட்டுக் கூடியவர்கள்மீது காவல்துறை துப்பாக்கிச் சூடு நடத்தியது. ஜான் தாமஸ், ஏழுமலை என்னும் இருவர் உயிர் நீத்தனர். நூறாண்டுகளுக்கு முன் அரசே எழுதிக் கொடுத்த ஓர் உரிமையைக் கேட்டதற்காக அவர்கள் மாண்டனர் என்பதை நாம் மறத்தலாகாது.

உலகம் ஒப்புக்கொண்ட நெறி

1922-இல் நம் தலைவர்கள் ‘பறையர்’, ‘பஞ்சமர்’ என்ற பெயர்களை விடுத்து, ஆதிதிராவிடர் என்ற பெயரை அரசு ஏற்கும்படி செய்தனர். இம்மண்ணின் முதற்குடிகள் நாங்கள் என்று அறிவித்ததே அப்பெயர். சட்டத்தின் கண்ணில் பட்டியல் சாதியினரும் பழங்குடியினரும் வேறு வேறாயினும், வளத்தின் அருகில் வாழ்ந்தும் அதன்மீது குரல் இல்லாதவர் என்ற வகையில் இரு சாராரும் உடன்பிறந்தாரே.

2007 செப்டம்பர் 13-ஆம் நாள் ஐக்கிய நாடுகள் சபை பழங்குடி மக்களின் உரிமைப் பிரகடனத்தை ஏற்றது. 144 நாடுகள் ஆதரித்தன, இந்தியாவும் ஆதரித்தது. அம்மக்களின் நிலத்தையோ கனிமத்தையோ நீரையோ பயன்படுத்தும் திட்டம் எதுவாயினும், அவர்களிடம் முன்னரே விவரம் முழுதும் கூறி, அச்சுறுத்தலின்றி இசைவு பெற முயலவேண்டும் என்பது அதன் சாரம். ஒடிசாவின் நியமகிரி மலையில் இந்நெறி சோதிக்கப்பட்டது. அரசின் சுரங்கக் கழகமும் வேதாந்தா நிறுவனமும் கூட்டாகப் பாக்சைட் எடுக்க விரும்பிய மலை, டோங்ரியா கோந்து மக்களின் தெய்வ மலை. 2013 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம், 2006-ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டத்தின்படி கிராம சபைகளே தம் உரிமையைக் குறித்துக் கூறட்டும் என்றது. பன்னிரண்டு கிராம சபைகள் கூடின. பன்னிரண்டும் மறுத்தன. சுரங்கம் தோண்டப்படவில்லை.

கூட்டு முயற்சி என்றாலே தீங்கு என்று நாம் கருதவேண்டியதில்லை. நம் பழைய மாவட்டத்திலேயே ஒரு நல்ல எடுத்துக்காட்டு உண்டு. பாம்புத் தோல் விற்றுப் பிழைத்து வந்த இருளர் மக்கள், 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டமும் தோல் ஏற்றுமதித் தடையும் வந்தபோது வாழ்வழி இழந்தனர். 1978-இல் இருளர் பாம்பு பிடிப்போர் தொழிற் கூட்டுறவுச் சங்கம் பதிவாயிற்று. மாமல்லபுரம் சாலையில் வடநெம்மேலியில் அது நடைபெற்று வருகிறது. நாகம், கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகியவற்றை வனத்துறையின் அனுமதி பெற்றுப் பிடித்து, சில வாரங்கள் வைத்து நஞ்செடுத்து, மீண்டும் காட்டிலேயே விட்டுவிடுகின்றனர். அந்நஞ்சு மருந்து நிறுவனங்களுக்குச் சென்று நாடெங்கும் உயிர் காக்கும் மருந்தாகிறது. இத்தொழில் அறிவுக்காக வடிவேல் கோபால், மாசி சடையன் ஆகிய இருளர் இருவர் 2023-இல் பத்மஸ்ரீ விருது பெற்றனர். வளமும் அழியவில்லை, அறிவுடையவர் கூலியாளாகவும் ஆகவில்லை, சங்கத்தின் உறுப்பினர் ஆயினர். பட்டு நெசவாளர் கூட்டுறவுச் சங்கங்களைக் கண்டு வளர்ந்த காஞ்சி மக்களுக்கு இதன் பொருள் எளிதில் விளங்கும். இதே இருளருள் பலர் அரிசி ஆலைகளிலிருந்தும் செங்கற் சூளைகளிலிருந்தும் கொத்தடிமைகளாய் மீட்கப்பட்டனர் என்பதையும் சேர்த்துப் பார்க்கும்போதுதான், பங்காளியாய் இருப்பதற்கும் பணியாளாய் இருப்பதற்கும் உள்ள தொலைவு நமக்குத் தெரியும்.

இன்றைய வினா

2013-ஆம் ஆண்டின் நிலம் கையகப்படுத்தல் சட்டம், தனியார் நிறுவனத்துக்காக நிலம் எடுத்தால் 80 விழுக்காட்டினரும், அரசு தனியார் கூட்டுத் திட்டமாயின் 70 விழுக்காட்டினரும் இசையவேண்டும் என்கிறது. பிழைப்பை இழக்கும் விவசாயக் கூலிகளையும் குத்தகைதாரர்களையும் பாதிக்கப்பட்ட குடும்பமாக அச்சட்டம் ஏற்பது பெரியதொரு முன்னேற்றம். பட்டியல் வகுப்பினர் நிலம் இழந்தால், இழந்த அளவோ இரண்டரை ஏக்கரோ, இவற்றுள் குறைந்த அளவு நிலம் மாற்றாகத் தரவேண்டும் என்றும் கூறுகிறது. ஆனால் இசைவு கேட்கும் கணக்கில், நில உடைமையாளரும் அரசின் நில ஒப்படை பெற்றவரும் மட்டுமே சேர்கின்றனர். கூலியாளுக்கு மறுவாழ்வு உண்டு, வாக்கு இல்லை. உத்தரமேரூரின் கால் வேலி இங்கே மீண்டும் வந்து நிற்பதை நாம் காண்கிறோம். மேலும், தமிழ்நாட்டின் தொழில் நோக்க நிலம் எடுப்புச் சட்டம் (1997) உள்ளிட்ட மூன்று மாநிலச் சட்டங்களின்கீழ் எடுக்கும் நிலத்துக்கு இவ்விசைவு விதி பொருந்தாது. இதற்கான ஏற்பாட்டை உயர் நீதிமன்றம் 2019-இல் செல்லாதென்றது. சட்டமன்றம் மீண்டும் சட்டமியற்றியது. 2021-இல் உச்ச நீதிமன்றம் அதை ஏற்றது.

2022 ஆகஸ்டில் காஞ்சிபுரத்தை அடுத்த பரந்தூரில் சென்னையின் இரண்டாவது விமான நிலையம் அமையும் என அறிவிக்கப்பட்டது. ஐயாயிரம் ஏக்கருக்கு மேற்பட்ட பரப்பில் வயல்களும் ஏரிகளும் நீர்வழிகளும் அடங்கும். அம்மாதமே, ஆகஸ்டு 15-இல், ஏகனாபுரம் கிராம சபை எதிர்ப்புத் தீர்மானம் நிறைவேற்றிற்று. பின்னரும் பன்முறை நிறைவேற்றிற்று. விமான நிலையம் வேண்டுமா வேண்டாவா என்று தீர்ப்புரைப்பது இக்கட்டுரையின் நோக்கமன்று. நியமகிரியில் கிராம சபையின் சொல்லுக்குக் கிடைத்த சட்ட வலிமை, பழங்குடிப் பகுதி அல்லாத நம் ஊர்களின் சபைக்கு இன்னும் கிடைக்கவில்லை என்பதையே சுட்டுகிறோம்.

ஆயினும் கிராம சபையை நாம் சிறிதாக எண்ணலாகாது. 1992-ஆம் ஆண்டின் 73-ஆவது அரசியல் சட்டத் திருத்தத்தாலும் 1994-ஆம் ஆண்டின் தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டத்தாலும் அமைந்த இச்சபையில், வாக்காளர் பட்டியலில் பெயருள்ள அனைவரும் உறுப்பினர். நிலம் வேண்டியதில்லை, மனை வேண்டியதில்லை, ஆணென்றும் பெண்ணென்றும் வேறுபாடு இல்லை. ஆயிரம் ஆண்டுகளுக்கு மேலாக நிலத்தோடு பிணைக்கப்பட்டிருந்த மன்ற உரிமை, நம் மண்ணில் முதன்முறையாக மனிதனோடு பிணைக்கப்பட்டது இங்கேதான். அச்சபையில் நமக்குரிய இடம் காலியாகக் கிடந்தால் குற்றம் நம்முடையதே.

ஆதலின் நம் இளைஞர்களை வேண்டுவது இது. உங்கள் ஊரின் பழைய ‘அ’ பதிவேட்டைப் படியுங்கள். அதில் தாழ்த்தப்பட்டோர் நிபந்தனைக் குறிப்புள்ள புல எண்களை எழுதி வையுங்கள். இன்றைய சிட்டா, அடங்கல், வில்லங்கச் சான்று ஆகியவற்றோடு அவற்றை ஒப்பிடுங்கள். கிடைக்காத ஏட்டை 2005-ஆம் ஆண்டின் தகவல் உரிமைச் சட்டத்தின்கீழ்க் கேளுங்கள். ஆண்டுக்கு ஆறு முறை கூடும் கிராம சபைக்குத் தாய்மார்களையும் அழைத்துச் செல்லுங்கள். ஏரி ஏலமோ, மண் அள்ளுதலோ, தொழிற்சாலைக்கான நிலமோ பேசப்படும்போது, கூலிக் குடும்பங்களின் பிழைப்பு என்னாகும் என்ற வினாவைத் தீர்மானப் புத்தகத்தில் ஏறச் செய்யுங்கள். படியாமல் கையொப்பம் இடாதீர்கள், பிறரையும் இடவிடாதீர்கள்.

பெருவிரல் ரேகையால் போன நிலம் நமக்கு உண்டு. எழுத்தறிந்த கைகளை வளர்க்கவே இக்கல்விச் சங்கம் தோன்றியது. அக்கைகள் முதலில் திறக்க வேண்டிய ஏடு நம் ஊரின் நிலப் பதிவேடு என்பதே இவ்வெள்ளி விழாவில் நாம் சொல்ல விழைவது.